குழம்புக்கு எடுக்கலாம், கூடையைத் திறக்கக்கூடாது

1

முதலில் ஒரு வாக்கைத் தீர்த்துவிடுகிறேன். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற எங்கள் பசியாவரத்தில் மடவை மீன் குழம்பு என்றால் அது என் நாத்தனார், எங்கள் வீட்டுக்காரரின் அக்கா, அஞ்சலை அண்ணி வைக்கிற குழம்புதான். நான் வைப்பது அதற்கு அடுத்ததுதான். இதை ஊர் நடுவில் நின்று சொல்கிறேன் என்று பந்தயம் கட்டித் தோற்றுப்போனேன். நான் இருப்பதோ நியூ ஜெர்சியில், மகன் வீட்டில். இங்கிருந்து எங்கள் ஊர் நடுவுக்கு வர வேண்டுமென்றால் பிளேன், ரயில், பஸ், கடைசியில் ஒரு படகு. அதனால் பத்திரிகையில் எழுதுகிறேன். அண்ணிக்குப் படிக்க வராது. ஆனால் கருவாடு காயப்போடுகிற இடத்தில் யாராவது ஒரு மருமகள் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். அந்த இடத்தில் சொன்னால் ஊர் நடுவில் சொன்ன மாதிரிதான்.

என் பேர் தேசம்மா. ரெண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். மருமகள் ரேவதி பிழை திருத்துகிறாள். "கொம்பு, துணைக்கால் எல்லாம் நீ வெச்சுக்க, வார்த்தையில மட்டும் கை வெக்காத, அது என்னுது" என்று சொல்லியிருக்கிறேன். அவள் ஒரு காலேஜ் லைப்ரரியில் வேலை செய்கிறாள். எது யாருடையது, யார் எதை எடுக்கலாம் என்று சொல்வதுதான் அங்கே அவள் வேலை. அதனால் மறுபேச்சு பேசாமல் ஒத்துக்கொண்டாள்.

பந்தயம் எதற்கென்றால், என் பேருக்காக.

எங்கள் வீட்டுக்காரர் போய் இந்த மாசியோடு மூன்று வருஷம். கல்யாணமானதிலிருந்து போகிற வரைக்கும் என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தாமே" என்பார். கோபம் வந்தால் "இந்தா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். நானும் அவர் பேரைச் சொன்னதில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். இங்கே வர விசா கேட்கப் போனபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி உங்கள் கணவர் பேர் என்ன என்று கேட்டார். "ஏழுமலையோட நைனா" என்றேன். ஏழுமலை என் மகன். அதிகாரி மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். புருஷன் பேர் தெரியாத பொம்பளை எப்படி அவருக்குப் பெண்டாட்டி ஆவாள் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மொழி மாற்றிச் சொல்கிற பெண்தான் அவரிடம் நீளமாக ஏதோ சொல்லிப் புரியவைத்தாள். அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அப்படிப்பட்ட வீட்டில், ஒரே ஒரு தடவை அவர் வாயில் என் பேர் வந்தது. சில வருஷத்துக்கு முன்னால் பட்டணத்திலிருந்து ஒரு பெண் காமிராவோடு வந்து எங்கள் ஏரியைப் பற்றிப் படம் எடுத்தாள். அவரைப் படகில் உட்காரவைத்துப் பேசவைத்தாள். நான் கரையில் இறால் கூடையோடு நின்றிருந்தேன். இஞ்சின் சத்தம், காற்று. அதற்கு நடுவில் தண்ணீர் மேலே "தேசம்மா" என்று வந்தது. அவர் குரல்தான். முன்னேயும் பின்னேயும் சொன்னதைக் காற்று கொண்டுபோய்விட்டது. கரைக்கு வந்ததும் "இன்னா கேட்டாங்க?" என்றேன். "ஏரியப் பத்திதான்" என்று வலையை உதறப் போய்விட்டார்.

அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்தில் போட்டபோது நான் மீஞ்சூரில் தங்கச்சி வீட்டு விசேஷத்தில் இருந்தேன். திரும்பி வந்து, "படத்துல என் பேரச் சொன்னாரா?" என்று எல்லாரையும் கேட்டேன். கேட்டவுடன் ஊருக்கே வேலை வந்துவிட்டது. ஒருத்திக்கு அடுப்பில் உலை. இன்னொருத்திக்கு ஆடு அவிழ்ந்துவிட்டது. அஞ்சலை அண்ணி மட்டும் என்னை நேராகப் பார்த்து, "என் தம்பி வாயில உன் பேரா? அய்ய, ஆசையப் பாரு" என்றாள்.

அன்று தொடங்கிய வழக்கு. இந்த வருஷம் தெவசம் நெருங்கும்போது போனில் முற்றிவிட்டது.

"அந்தப் படம் என்கிட்டதான் கீது அண்ணி. தெவசத்தன்னிக்குப் போட்டு, அவர் வாயால நீயே கேளு."

"போடு. என் தம்பி உன் பேரச் சொல்லியிருந்தா, என் மூக்குத்தியக் கழட்டித் தரேன்மே."

"சொல்லலன்னா உன் குழம்புதான் ஒசத்தின்னு ஊரு நடுவுல நின்னு நான் சொல்றேன்."

அந்தப் பக்கம் யாரையோ "அப்பால போ" என்று விரட்டினாள். பிறகு, "யோசிச்சுப் பேசுமே" என்றாள்.

நான் யோசிக்கவில்லை.

2

என் மகன் செய்கிற வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பூட்டு செய்கிறான். இரும்புப் பூட்டு இல்லை. படம், பாட்டு, புஸ்தகம் எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகப் போகிறதே, காசு கட்டாதவன் திறந்து பார்க்காமல், பார்த்தவன் நகல் எடுக்காமல் இருக்க, உள்ளேயே ஒரு பூட்டு வைக்கிறார்கள். அந்தக் கம்பெனியில் இவன் பெரிய ஆள்.

இது எனக்கே இங்கே வந்த பிறகுதான் விளங்கியது. ஊரில் "ஏழுமலை இன்னா வேல செய்றான்?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் "பூட்டு வேல" என்று பெருமையாகச் சொல்லிவந்தேன். அவன் ஒரு லீவுக்கு வந்தபோது அஞ்சலை அண்ணி, சாவி தொலைந்த டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். "அமெரிக்காகாரன் துட்டு குடுத்துக் கூட்டிக்கினு போனானே, இதத் தொற பாக்கலாம்" என்றாள். அவன் ஆணியை வைத்துக் குடைந்து, கையைக் கீறிக்கொண்டான். கடைசியில் பழவேற்காட்டிலிருந்து பூட்டுக்காரர் வந்து ஒரு தட்டில் திறந்தார். "இவரத்தானே அவங்க கூட்டிக்கினு போயிருக்கணும்" என்று அண்ணி அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இங்கே வந்தும் அதே கதைதான். பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். குப்பைத் தொட்டியைத் தெருவில் வைக்கிற நாளில் ரெண்டு பேரும் பார்த்துக்கொள்வோம். அவர் ஏதோ கேட்பார், நான் ஏதோ சொல்வேன். ஒரு நாள் மகனைப் பற்றிக் கேட்கிற மாதிரி இருந்தது. "மை சன், லாக், லாக், பிக் லாக்" என்றேன். அவர் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார். ஒரு வாரம் கழித்து, பனி கொட்டுகிற காலையில், வீட்டுச் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, எங்கள் வாசலில் செருப்போடு வந்து நின்று என் மகனைக் கேட்டார்.

ஏழுமலை அவருக்கு ஒரு போர்வையும் டீயும்தான் கொடுக்க முடிந்தது. அவனுக்குக் கோபம். "ஏம்மா ஊர் ஊரா என்னை மாட்டிவிடறே?"

"நீ உங்க நைனா மாதிரி ஒரே வார்த்தையில சொல்ற வேல செஞ்சிருக்கணும்" என்றேன்.

அவனை ஆபீசில் ஏழு என்று கூப்பிடக்கூட அவர்களுக்கு நாக்கு திரும்பவில்லை. ஈ.எம். என்கிறார்கள். அவனும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறான். ஊரில் இருந்தபோது முகத்தில் காற்று பட்டாலே எந்தக் காற்று என்று சொல்லிவிடுவான். இப்போது வெளியே கிளம்புகிறதுக்கு முன்னால் போனைப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிறான்.

3

அந்தப் படம் ஒரு டிவிடி தட்டில் இருக்கிறது. படம் எடுத்த பெண் எங்கள் கரையில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தாள். ஊரில் எங்கள் வீட்டில் அதைப் போட்டுப் பார்க்கிற பெட்டி இல்லை. தட்டை அவர்தான் வாங்கி, துணிப் பெட்டியின் அடியில், அவர் வேட்டிக்குக் கீழே வைத்தார். அவர் போன பிறகு வேட்டியை எடுக்கும்போதுதான் எனக்குக் கிடைத்தது. இங்கே வரும்போது கருவாட்டுப் பொட்டலத்தோடு சுற்றிக் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் கருவாட்டை எடுத்துக்கொண்டு தட்டை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். அது வாசனையை மட்டும் விடவில்லை.

தெவசத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஏழுமலையிடம் கொடுத்தேன். அவன் டிவிக்குக் கீழே இருக்கிற பெட்டியில் போட்டான். நான் தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கறுப்பாக வந்தது. நடுவில் ரெண்டு வரி இங்கிலீஷ். அவ்வளவுதான்.

"இன்னாடா எழுதியிருக்கு?"

"இந்தத் தட்டு இந்தப் பகுதியில ஓடாதுன்னு."

"இந்த ரூமுலயா?"

"இந்த நாட்டுலம்மா."

அப்புறம் விளக்கினான். படக் கம்பெனிகள் உலகத்தையே பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. இந்தியா ஒரு பகுதி, அமெரிக்கா ஒரு பகுதி. அந்தப் பகுதித் தட்டு இந்தப் பகுதிப் பெட்டியில் பாடாது. எந்தப் படம் எங்கே எப்போது விற்க வேண்டும் என்று அவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் எங்கள் ஏரிப் படமும் மாட்டிக்கொண்டது.

எனக்கு இது புதுசு இல்லை. எங்கள் ஏரியிலும் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். எந்த இடத்தில், எந்த நாளில், எந்தக் குடும்பம் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். இன்று உன் பாடு என்றால் அந்த இடத்தில் நீதான் வலை போடலாம். என் பாடு வருகிற வரைக்கும் நான் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் பாடு எப்போது வரும் என்று தெரிந்தால் உட்கார்ந்திருப்பேன்.

"அப்போ அமெரிக்காவோட பாடு எப்போ வரும்?" என்று கேட்டேன்.

"வராதும்மா."

"வராதுன்னா அது இன்னா பாடு?"

வேலைக்கு நேரமாகிவிட்டது என்றான். அன்று ஞாயிற்றுக்கிழமை.

4

அடுத்த நாள் சாயங்காலம், இங்கத்து இந்தியன் கடையில் வாங்கி மிச்சமிருந்த கருவாட்டை வறுத்தேன். இந்த வீட்டில் கருவாடு வறுத்தால் கூரையில் ஒரு மணி அடிக்கும். நெருப்பு என்று நினைத்துக்கொள்ளும். அதனால் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துத்தான் வறுக்க வேண்டும். வெளியே பனி. நாங்கள் மூன்று பேரும் கோட்டு போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தோம். அந்தக் குளிரில்தான் சட்டம் பேசினோம்.

ஏழுமலை குரலைத் தாழ்த்தி, "ஒரு ப்ரோகிராம் இருக்கும்மா. அந்தப் பூட்டு பழசு. அஞ்சு நிமிஷத்துல திறந்துடலாம்" என்றான்.

ரேவதி சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கூடாது" என்றாள்.

"வீட்டுக்குள்ள யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். காலையில பிள்ளைங்க வந்து மேடம், இந்தப் படத்து பூட்டை உடைக்கலாமான்னு கேக்குதுங்க. கூடாதுன்னு அனுப்பறேன். சாயங்காலம் வீட்டுல நானே பக்கத்துல உட்கார்ந்து பார்க்கவா? அப்புறம், நீ எங்க வேலை செய்றேன்னு ஞாபகம் இருக்கா?"

அவன் கருவாட்டைக் கடித்தான். நான் பேசினேன்.

"ஏம்மா ரேவதி, அந்த முகம் யாருது?"

"மாமாவோடது அத்தை."

"வாய்?"

"மாமாவோடது. படம் அவங்களோடது."

"என் புருஷன் என் பேரச் சொன்னத நான் கேக்கறதுக்கு அவங்க உத்தரவு வேணுமா?"

ரேவதி சேலத்துப் பெண். பொறுமையாகப் பேசுவாள். ஆனால் ஒரு இஞ்சு விட மாட்டாள். "அத்தை, அடுத்தவங்க படத்துலயிருந்து கொஞ்சம் எடுக்கறதுக்கு இந்த ஊருச் சட்டம் இடம் குடுக்குது. கேக்காமலே எடுக்கலாம். ஆனா நாலு கேள்வி கேட்டுப் பார்ப்பாங்க. எதுக்கு எடுக்கறே? எந்த மாதிரிப் பொருளு? எவ்வளவு எடுக்கறே? நீ எடுக்கறதால உடையவன் வியாபாரம் கெடுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது குழம்புக்கு எடுக்கறது" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. சொன்னேன். எங்கள் ஏரியில் பாடு யாருடையதாக இருந்தாலும், பொம்பளைகள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து கையால் தடவி ரெண்டு கை இறால் எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அது குழம்புக்கு. ஒரு தடவை தூரத்து மாமா முறையில் ஒருத்தர், அடுத்தவர் பாடு நடக்கிற இடத்தில் ஒரு கூடை நிறைய எடுத்துவிட்டு, குழம்புக்குத்தான் என்று சாதித்தார். கிராமம் கூடியது. எங்கள் வீட்டுக்காரர் எழுந்து, "மாமா, குழம்பு வூட்டுக்கா, கல்யாணத்துக்கா?" என்று கேட்டார். அத்தோடு வழக்கு முடிந்தது. மாமா கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

ரேவதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "கிட்டத்தட்ட அதேதான் அத்தை. மூணாவது கேள்வி."

"அப்போ நான் எடுக்கறது ஒரே வார்த்தை. குழம்புக்குக்கூட ஆவாது, ரசத்துக்குத்தான். எடுத்துடலாமா?"

"எடுக்கலாம். ஆனா பூட்டை உடைக்கக்கூடாது. அது வேற சட்டம். நீங்க எடுக்கறது நியாயமா இருந்தாலும், பூட்டை உடைச்சா அது தனிக் குத்தம்."

"எடுக்கலாம், கூடையத் தொறக்கக்கூடாதா?"

"ஆமா."

"தொறக்காம எப்பிடிம்மா எடுக்கறது?"

"அதைத்தான் இருபது வருஷத்துக்கு மேல எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் அந்தச் சட்டம் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. பிடிக்காததையும் மதிக்கிறாள். அதனால்தான் அவளிடம் எனக்கு மரியாதை. அன்று அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு இன்னொன்றும் சொன்னாள். சில வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்காரில் உட்கார்ந்து, யார் யார் எதற்காகப் பூட்டை உடைக்கலாம் என்று விலக்குக் கொடுப்பார்களாம். அதற்கு மனுப் போட வேண்டும். பாடம் நடத்துகிற வாத்தியார், சினிமா படிக்கிற பிள்ளைகள், கண் தெரியாதவர்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள்.

"பொண்டாட்டி?"

"இல்லை அத்தை."

"யாரும் மனு போடலியா?"

"யாருக்கும் தோணலை போல."

கருவாடு ஆறிப்போய்விட்டது. ஜன்னலைச் சாத்தினோம். சாத்தியதும் கூரையில் மணி அடித்தது.

5

படத்தை விற்கிற கம்பெனியையே கேட்டுவிடலாம் என்று முடிவானது. அவர்கள் வலைத்தளத்தில் எழுத வேண்டும். நீங்கள் யார் என்று கேட்டிருந்தது. பள்ளிக்கூடம், டிவி கம்பெனி, மற்றவை. நான் மற்றவை. எதற்காக வேண்டும் என்று கேட்டிருந்தது. "எங்க வீட்டுக்காரர் வாயால என் பேரக் கேக்க, நாத்தனார் மூக்குத்தியக் கழட்ட" என்றேன். ரேவதி 'சொந்த உபயோகம்' என்று எழுதினாள்.

உடனே பதில் வந்தது. உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று. யார் எழுதியது என்று கேட்டேன். யாரும் இல்லை, தானாக வருவது என்றான் ஏழுமலை. அப்புறம் யாரும் எழுதவில்லை. போன் போட்டால் இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு ரெண்டை அழுத்து என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே போனாள். நான் எல்லாவற்றையும் அழுத்தினேன். கடைசியில் ஒரு பையன் எடுத்து இந்தியில் பேசினான். "தம்பி, இன்னைக்கு யார் பாடு?" என்று கேட்டேன். அவனும் பாவம், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வைத்தான்.

தெவசத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது அண்ணி போன் செய்தாள். "இன்னாமே, படம் பாத்தியா?"

"இன்னும் இல்ல. இங்க ஓடலியாம்."

"ஓடலன்னா வுட்டுடு. பந்தயமும் வேணாம் ஒண்ணும் வேணாம். அவனுக்குப் பிடிச்சதா நாலு செஞ்சு வெச்சுக் கும்புடு." குரலில் ஒரு தினுசான அவசரம். தோற்றுவிடுவோம் என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு வீம்பு ஏறிவிட்டது.

அன்று சாயங்காலம் ரேவதி நிலவறைக்குள் இறங்கிப் போனாள். பனிச் செருப்பு, பழைய சூட்கேஸ் எல்லாம் கிடக்கிற இடம் அது. கனமான பழைய லேப்டாப் ஒன்றைத் தூசியோடு தூக்கி வந்து மேஜைமேல் வைத்தாள். ஏழுமலை படிக்க வந்தபோது வாங்கியது. அதன் விலாவில் தட்டுப் போடுகிற வாய் இருந்தது.

"இதுல பகுதியை மாத்திக்கலாம், இல்லியா?" என்று அவனைக் கேட்டாள். "இதைச் செஞ்ச கம்பெனியே குடுத்த வழிதானே? பூட்டை உடைக்கறது இல்லை. நகல் எடுக்கறது இல்லை. சாவி அவங்களே குடுத்தது. போட்டுப் பார்க்கறோம், அவ்வளவுதான்."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பூட்டு ஆபீசருக்கு அது ஞாபகமே இல்லை.

"ஆனா அஞ்சு தடவைதாம்மா மாத்த முடியும். அஞ்சாவது தடவை எந்தப் பகுதியில வெக்கறமோ அங்கேயே நின்னுடும். திரும்ப வராது." திறந்து பார்த்தான். "நாலு ஆயிடுச்சு. ஒண்ணுதான் பாக்கி."

"யார்டா நாலு தடவை மாத்தினது?"

அவன் கீபோர்டில் ஏதோ தேடினான். "நான்தான். வந்த புதுசுல. ஊர்லயிருந்து கொண்டாந்த தமிழ்ப் படத் தட்டு பார்க்க இந்தியாவுக்கு மாத்துவேன். அப்புறம் இங்கத்துப் படம் பார்க்க இங்க மாத்துவேன். மறுபடியும் அப்பிடி ஒரு தடவை."

"ஊரு நெனப்பே வரல, ஜாலியா கீறேன்னு போன்ல சொன்னியேடா."

"வரலம்மா. படம்தான் பார்த்தேன்."

ரேவதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இது புதுசு போல.

கடைசி மாற்றத்துக்கான பொத்தானை என்னையே அழுத்தச் சொன்னான். இனி மாற்ற முடியாது, சம்மதமா என்று லேப்டாப் கேட்டது. ரேவதி படித்துச் சொன்னாள். சம்மதம் என்றேன். அழுத்தினேன். படம் ஓடியது.

முழுசும் பார்த்தோம். எங்கள் வீட்டுக்காரர் என் பேரைச் சொல்லவில்லை. அன்றே அண்ணிக்குப் போன் செய்து தோல்வியை ஒப்புக்கொண்டேன். மேலே சொன்ன குழம்புச் சங்கதியை அதனால்தான் எழுதினேன். அஞ்சலை அண்ணி சொன்னது சரி. மூக்குத்தி அவள் மூக்கிலேயே நன்றாக இருக்கட்டும்.

6

பசியாவரத்தில் இதைச் சத்தமாகப் படிக்கிற பெண்ணே, நீ யார் வீட்டு மருமகளாக இருந்தாலும் சரி, அஞ்சோடு முடிந்தது என்று சொல்லிப் பத்திரிகையை மடித்துவிடு. மிச்சத்தை வீட்டுக்குப் போய் நீ மட்டும் படி.

படத்தில் பாதி பூநாரைதான். பறக்கிறது, இறங்குகிறது, மறுபடி பறக்கிறது. நான் இறால் கூடையோடு போகிற போது முதுகு மட்டும் ஒரு இடத்தில் வருகிறது. அப்புறம் படகு. அவர் உட்கார்ந்திருக்கிறார். துண்டால் முகத்தைத் துடைக்கிறார். படம் எடுக்கிற பெண் கேட்கிறாள், இவ்வளவு இருட்டில் ஏரிக்கு வருகிறீர்களே, பயமாக இல்லையா என்று.

அவர் சிரிக்கிறார். "ஏரிக்கு இன்னாம்மா பயம். காத்து, இடி, பாம்பு, எதுக்கும் நான் பயந்தவன் இல்ல. எங்க வூட்ல தேசம்மான்னு ஒருத்தி கீறா. அவ எழுந்து வாயத் தொறக்கறதுக்குள்ள வலைய எடுத்துக்கினு வந்துடணும். நான் மட்டும் இல்ல. எங்க கரையில அத்தினி படகும் இருட்டுலயே கெளம்புதே, எதுக்குன்னு நெனைக்கறே?"

படகில் இருந்தவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். காமிரா கூட ஆடுகிறது.

ஏழுமலை சிரிக்க ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டு இருமினான். ரேவதி லேப்டாப் தூசியைத் துடைத்தாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உலை, ஆடு, வேட்டிக்குக் கீழே தட்டு, "யோசிச்சுப் பேசுமே". பள்ளிக்கூடத்தில் ஊரே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. என் காதுக்கு வராமல் இத்தனை வருஷம் ஊரே காப்பாற்றியிருக்கிறது. பாதி என் வாய்க்குப் பயந்து. அண்ணி மட்டும் பயந்து இல்லை. அவள் யாருக்கும் பயப்பட மாட்டாள். மூக்குத்தியைப் பந்தயம் வைத்து, பொய்யை உண்மை மாதிரி கட்டிக் காத்தாள்.

கோபம் வந்தது. பதில் சொல்லலாம் என்றால் அவர் படத்தில் இருக்கிறார். அவர் பேசி நான் பதில் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

"திருப்பிப் போடு" என்றேன். ஏழுமலை போட்டான். இந்தத் தடவை சிரிப்பு அடங்குகிற இடத்தில், அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீரைப் பார்த்துச் சொல்கிறார். காமிராவுக்கு இல்லை, தனக்கே சொல்கிற மாதிரி. "அந்த வாய் இல்லன்னா எங்க பாடு மொறைய என்னைக்கோ எவனாவது புடுங்கியிருப்பான்."

பள்ளிக்கூடத்துச் சிரிப்பில் இது யார் காதிலும் விழுந்திருக்காது. அண்ணி காதிலும்தான். இங்கே, பனி மூடின ஊரில், சத்தமே இல்லாத வீட்டில், எனக்கு விழுந்தது.

பிறகுதான் போனை எடுத்தேன்.

"பாத்தேன் அண்ணி. நீ சொன்னதுதான் சரி. பேரு சொல்லல."

"நான்தான் அப்பவே சொன்னேன்லமே" என்றாள். அப்புறம், "ஊரு நடுவுல எல்லாம் சொல்ல வேணாம். என் காதோட சொல்லிட்டே, போதும்" என்றாள்.

"வாக்கு வாக்குதான் அண்ணி."

"உன் குழம்பும் ஒண்ணும் மோசமில்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவள் வாயிலிருந்து அது வந்தது இதுதான் முதல் தடவை.

தெவசத்தன்று சீனாக்காரர் கடையில் ஐஸில் கிடந்த மடவையை வாங்கிக் குழம்பு வைத்துப் படைத்தேன். ஜன்னலைத் திறந்து வைத்தும் மணி அடித்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார், அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

அந்த லேப்டாப் இப்போது என் அறையில் இருக்கிறது. இனிமேல் இங்கத்துத் தட்டு எதுவும் அதில் பாடாது, கடைசிவரைக்கும் அது ஊர்ப் பக்கம்தான் என்றான் ஏழுமலை. அந்த ஒரு இடத்தை மட்டும் அப்பப்போ போட்டுப் பார்த்துவிட்டு மூடிவைக்கிறேன். குழம்புக்கு ஆகிற அளவுதான்.

பூட்டு போடுகிறவர்களை நான் நிறைய ஏசிவிட்டேன். இப்போது நானும் ஒன்று போட வேண்டியிருக்கிறது. இந்த ஆறாவது பகுதியை மெட்ராசில் படிக்கலாம், மீஞ்சூரில் படிக்கலாம், காட்டுப்பள்ளியில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் பஸ்ஸில் படித்துச் சிரிக்கலாம். பசியாவரத்தில் மட்டும் இது ஓடாது.